பட்டியல் உங்களுடையது, பெயர் அவருடையதா?

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, குருமண்வெளியில் படகுப்பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய், போரதீவுப்பற்றுக் கிராமங்களில் வீடு வீடாக விவரம் எடுத்தேன். வாழ்வாதார உதவிக்கான பயனாளிகள் பட்டியலைத் தயாரித்தது நான்தான். கூட வேலை செய்பவர் அதை வாங்கி ஆங்கிலத்தில் அறிக்கையாக்கினார். மாதாந்தக் கூட்டத்தில் "நான் எடுத்த விவரம்" என்று அவரே எழுந்து விளக்கினார். கொழும்புக்குப் போன அறிக்கையிலும் அவர் பெயர் மட்டுமே இருந்தது. இது முதல் தடவையும் அல்ல. அவரும் நாங்களும் ஒரே குடி (தாய்வழிக் குலம்), எனக்கு அண்ணன் முறை. சொந்தத்துக்குள் பகை வேண்டாம் என்கிறார் அம்மா. ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது. இருவரில் ஒருவருக்குத்தான் நீடிப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். எங்கள் மேலதிகாரி சேரிடம் முறையிடுவதா, வேறு வேலை தேடுவதா?
– பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முறையிடப் போகும் முன் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். விவரம் எடுத்தது நீங்கள். ஆங்கிலத்தில் எழுதியது அவர். உங்கள் கோபத்தில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போயிருக்கிறது. சேரிடம் போய் "எல்லாம் நான் செய்தது" என்று நீங்கள் சொன்னால், "அறிக்கையை எழுதியது யார்?" என்று அவர் ஒரே கேள்வியில் உங்களை மடக்கிவிடுவார். நம்முடைய தொண்டு நிறுவனங்களில் இது பழைய நோய். சேற்றில் நடப்பவர் தமிழில் எழுதுகிறார், கொழும்பு ஆங்கிலத்தில் வாசிக்கிறது, இடையில் மொழிபெயர்ப்பவர் முதலாளியாகிவிடுகிறார். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது முழு வேலைக்குமான பெயரை அல்ல, சரியான பங்கை. அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் போதும்: களத் தகவல் சேகரிப்பும் பயனாளிகள் தெரிவும் என்று உங்கள் பெயர், அறிக்கை எழுதியவர் என்று அவர் பெயர். இதை மறுக்க அவருக்கும் நியாயம் இருக்காது.

அம்மா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். நாளைக்குக் கோயில் சடங்கிலும் மரண வீட்டிலும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஆனால் நீங்கள் வாய் திறக்காமல் இருந்ததால் உறவு நன்றாகவா இருக்கிறது? உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட அவரை "அண்ணா" என்று எழுத உங்களுக்கு மனம் வரவில்லையே. அந்த அண்ணன் முறையை இப்போது பயன்படுத்துங்கள். சேரிடம் போகும் முன் அவரிடம் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அது பத்துப் பேர் கைக்குப் போகும். கோயில் வீதியிலும் வேண்டாம். என்னைக் கேட்டால், அடுத்த களப் பயணத்துக்கு அவரையும் அழைத்துப் போங்கள். படகுப்பாதை நடு வாவியில் நிற்கும்போது யாரும் எழுந்து போய்விட முடியாது! விளையாட்டாகச் சொன்னாலும், மண்டூர்ப் பக்கம் வெயிலில் ஒரு நாள் அலைந்தால் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எவ்வளவு நடை இருக்கிறது என்பது அவருக்கும் விளங்கும்.

"அண்ணா, அந்த விவரம் நான் எடுத்தது. கூட்டத்தில் என் பெயர் வரவில்லை, எனக்கு மனம் வருத்தமாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்தப் பகுதியை நானே சொல்கிறேன்." இவ்வளவுதான். களவு, ஏமாற்று என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. பழைய சம்பவங்களையும் இழுக்க வேண்டாம். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் பக்கத்துத் தவறு. பட்டியலை அவரிடம் மட்டும் கொடுத்தீர்கள், அல்லவா? போடியாரின் (நிலச் சொந்தக்காரரின்) வயலில் பங்குக்கு வேலை செய்யும் முல்லைக்காரர் தம் பங்கைக் களவெட்டியிலேயே, அதாவது சூடடிக்கும் களத்திலேயே, அளந்து வாங்கிக்கொள்வார். நெல் வீடு போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் யார் காதிலும் விழாது. வேலை முடிந்த அன்று மாலையே பட்டியலைச் சேருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், அண்ணாவுக்கும் ஒரு பிரதி போகட்டும். "இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் இன்ன திகதிகளில் நான் எடுத்த விவரம். அறிக்கைக்காக இணைத்துள்ளேன்" என்ற இரண்டு வரிகளில் தற்பெருமை எதுவும் இல்லை. எக்செல் தாளின் தலைப்பிலும் தொகுத்தவர் பெயரும் திகதியும் இருக்கட்டும். களக் குறிப்புப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள்.

அவரை மாட்டிவிட வேண்டுமென்றே பட்டியலில் பிழை விடும்படி உங்களுக்கு யாராவது யோசனை சொல்லலாம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அவமானம் அவருக்கு என்று நீங்கள் நினைப்பீர்கள், வாழ்வாதார உதவியாக வர வேண்டிய ஆட்டுக்குட்டி கிடைக்காமல் போவது ஏதோ ஒரு விதவைத் தாய்க்கு.

பேசிய பிறகும் கூட்டத்தில் பழையபடி நடந்தால் "அது நான் செய்தது" என்று குறுக்கே பாயாதீர்கள். அவர் முடிக்கட்டும். பிறகு, "சேர், இதில் ஒன்று சேர்க்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் முதல் பட்டியலில் இல்லாத சில குடும்பங்களை நான் போனபோது மாதர் சங்கத் தலைவி காட்டினார். அவர்களை ஏன் சேர்த்தேன் என்றால்..." என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்த விடயத்தைத் தொடங்குங்கள். கூட்டம் தமிழில்தானே நடக்கிறது? அடுத்த கேள்வியைச் சேர் உங்களிடம்தான் கேட்பார்.

ஒப்பந்த விடயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். அண்ணாவிடம் பேசிய அடுத்த வாரமே சேரிடம் நேரம் கேளுங்கள். முறைப்பாடாக அல்ல, இந்த வருடம் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போய், நீடிப்பைத் தீர்மானிக்கும் முன் இதைப் பார்க்கும்படி கேளுங்கள். அவராகவே அறிக்கையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மின்னஞ்சலைக் காட்டுங்கள். அவராகக் கேட்காவிட்டால் அண்ணாவின் பெயரை எடுக்கவே தேவையில்லை.

வேறு வேலை தேடுவதும் தவறில்லை, இந்தக் கோபத்தில் மட்டும் தேடாதீர்கள். தேடினால் அதே ஒரு பக்கம் விண்ணப்பத்துக்கும் உதவும். "தகவல் சேகரித்தேன்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல் எத்தனை பிரிவுகள், எத்தனை குடும்பங்கள், பயனாளிகளை எந்த அடிப்படையில் தெரிவு செய்தீர்கள் என்றெல்லாம் எழுதுங்கள். அதை ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிப் பாருங்கள், பிழை இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த அறிக்கையின் முதல் பந்தியை எழுதித் தருகிறேன் என்று அண்ணாவிடம் சொல்ல அந்தப் பயிற்சி போதும்.