பாளை சீவும் ஞாயிறு

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் அத்தான் நாலு மாதமாக யூடியூபில் கடைசிக்காலப் பிரசங்கங்கள் கேட்கிறார். இயேசுவின் இரண்டாம் வருகை இந்த வருஷத்தைத் தாண்டாது என்று ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம். கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. இப்போது அக்கா மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருஷப் பீஸ் கட்ட வேண்டாம் என்கிறார். "ஆண்டவர் வாசலில் நிற்கிறார், உனக்கு எதற்குப் படிப்பு?" வீட்டில் தினம் சண்டை. அவரை மறுத்துப் பேசினால் வருகையையே மறுக்கிற மாதிரி எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது?

ஜெ., மெஞ்ஞானபுரம்

அன்புள்ள தம்பி,

முதலில் அத்தானுக்காக ஒரு வார்த்தை. நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று, அவர் நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். சொல்லும்போதே மத்தியானக் கறிக்குழம்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. அத்தான் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டார். அந்த வகையில் அவர் நம்மைவிட ஒரு படி மேல்தான்.

தப்பு கணக்கில்தான். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்று மத்தேயு 24-ல் இயேசுவே சொல்லிவிட்டார். அப்புறமும் கணக்குப் போட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் யுயோமயம் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் 1881 என்றார்கள். இரண்டும் கடந்துபோயின.

வேலையை விடுவதும் புதிதில்லை. தெசலோனிக்கே சபையில் கர்த்தருடைய நாள் வந்தேவிட்டது என்று கலங்கியவர்கள் இருந்தார்கள், வேலை செய்யாமல் சுற்றியவர்களும் இருந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் கறாராக எழுதினார். எழுதியவர் கூடாரம் செய்து பிழைத்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. பனையின் பூம்பாளை காலையிலும் சாயங்காலமும் சீவக் கேட்கும். மெல்லிசாக ஒரு சீவு, அவ்வளவுதான். ஆனால் விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து பதனீர் நின்றுபோகும். பாளைக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் ஏறி இறங்கி, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவார். முழங்கால்படியிடும்போது பக்கத்தில் நான் பார்ப்பேன், கலயத்துக்குத் தடவிய சுண்ணாம்பு விரலிடுக்கில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். சபை உபதேசியார் ஒருநாள் மடக்கினார்: "ஓய், இன்னைக்கு ஆண்டவர் வந்தா நீரு மரத்துலல்லா நிப்பீரு?" தாத்தா, "மரத்துல நின்னா அவருக்குக் கொஞ்சம் கிட்டத்துல நிப்பேன், ஐயா" என்றார். உபதேசியார் சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வார், அவர் வீட்டுக் காப்பிக்கும் தாத்தா கருப்பட்டிதான்.

மிஷனரி கால்டுவெல் ஐயரைப் பாருங்கள். இடையன்குடிக் கோயிலை 1847-ல் தொடங்கி 1880-ல் முடித்தார். 33 வருஷம். அதே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னவர்தான். ஆண்டவர் எந்நேரமும் வரலாமே, பாதியில் நிற்கிற கோபுரம் எதற்கு என்று கல்தச்சர்களை அனுப்பிவிடவில்லை. உங்கள் ஊர்க் கோயில் கோபுரமும் இப்படி நம்பியவர்கள் எழுப்பியதுதான், தினமும் அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னிகைகள் கதையை அத்தான் அடிக்கடி சொல்வார் என்று நினைக்கிறேன். அதில் பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்து. வித்தியாசம் விளக்கெரிக்கும் எண்ணெயில் மட்டும்தான். மணவாளன் வரத் தாமதிப்பான் என்று எண்ணி, கூடுதலாகப் பாத்திரத்தில் கொண்டுவந்தவர்களைத்தான் இயேசு புத்தியுள்ளவர்கள் என்கிறார். இதை அவரிடம் கேளுங்கள், சண்டையாக இல்லாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி. வேதம் பிரியமானவர், யோசிப்பார்.

வீடு லிண்டலோடு கொஞ்ச நாள் நிற்கட்டும், சுவருக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை படிப்பு அப்படியில்லை. நீங்கள் தாய்மாமன். பிள்ளைக்கு நீங்கள் பீஸ் கட்டினால் யாரும் தப்பு சொல்ல முடியாது, அத்தான்கூட. கல்லூரியில் கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்டு, அதற்குள் கட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி