கேளுங்க, சொல்றேன்: குடோன் கதவுக்கு எந்த கரன்ட் பூட்டு?

கேள்வி: குன்னூர் பெட்போர்டுக்கு கொஞ்சம் கீழ டீத்தூள் பேக்கிங் யூனிட் வச்சிருக்கேன், 11 பேர் வேலை பாக்குறாங்க. குடோனுக்கு மூணு சாவி, அதுல ஒண்ணு வேலைய விட்டுப் போன பையனோட போயிடுச்சு. பூட்ட மாத்துனேன், ஆறே மாசத்துல மறுபடி ஒரு சாவி காணோம். கோயம்புத்தூர்ல இருந்து வந்த சேல்ஸ் தம்பி, கைரேகை மிஷின் போட்டுக்கோங்கக்கா அட்டெண்டன்ஸும் அதுலயே வந்துரும்ங்கறாரு. மூஞ்ச காட்டுனா தொறக்குறதும் இருக்காம். 15,000 ரூபாய தாண்டாம எத வாங்கலாம்?
— குன்னூர் வாசகி

அக்கா, மிஷினப் பத்தி இவ்வளவு எழுதுனீங்க, கதவு மரமா இரும்பான்னு ஒரு வார்த்தை எழுதலையே. சேல்ஸ் தம்பிங்க எல்லாரும் செவுத்துல மாட்டுற அந்த பளபளா பொட்டியத்தான் காட்டுவாங்க. கதவ புடிச்சு வைக்கிறது பொட்டி இல்ல, பூட்டு. விரல வச்சாலும் கார்ட காட்டுனாலும் பொட்டி செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான், பூட்டுக்குப் போற கரன்ட்ட குடுக்கும் இல்லன்னா நிறுத்தும். அதனால நம்ம ஊருக்கு மொத கேள்வியே, கரன்ட் போனா இந்தப் பூட்டு என்ன ஆகும்ங்கறதுதான்.

எல்லாரும் சட்டுனு போட்டுட்டுப் போறது மேக்னட் லாக். நிலை மேல ஒரு காந்தக் கட்டை, கதவு மேல ஒரு இரும்புத் தகடு, கரன்ட் ஓடுற வரைக்கும் கிட்டத்தட்ட 270 கிலோ பலத்துல ஒட்டிட்டு நிக்கும் (600 பவுண்டு லாக்னு கடையில கேப்பாங்க). கரன்ட் போச்சுன்னா அதுவும் விட்டுரும், அது கோளாறு இல்ல, தீ கீ பிடிச்சா உள்ள இருக்கறவங்க வெளிய ஓடணும்னு அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஆள் நடமாடுற ஆபீஸ் கதவுக்கு சரி, சரக்கு இருக்குற குடோனுக்கு?

நானே பட்டிருக்கேன். கோத்தகிரி பக்கம் தெரிஞ்சவங்க ஸ்டோர் ரூமுக்கு பக்கத்துல நின்னு மேக்னட் லாக் போட வச்சது நான்தான். ஐப்பசி மழை, எங்கயோ மரம் விழுந்து லைன் அந்துபோச்சு, ராத்திரி ஒம்பதுக்கு போன கரன்ட் மறுநாள் மத்தியானந்தான் வந்துச்சு. காலையில போய் பாத்தா கதவு காத்துக்கு டொக்கு டொக்குனு அடிச்சிட்டு நிக்குது. நல்லவேளை எதுவும் போகல, ஆனா அவங்க என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. பேட்டரி இருந்துச்சே அது என்னாச்சுன்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாருங்க, லாக் அரை ஆம்பியர், ரீடர் (அதான் அந்த செவுத்துப் பொட்டி) ஒரு 0.1 ஆம்பியர், 12 வோல்ட் 7 ஏ.எச். (7 ஆம்பியர்-மணி) பேட்டரி காகிதத்துல 11 மணி நேரம் தாங்கணும். ஆனா பேட்டரி பழசாகி, மார்கழிக் குளிருல அதோட தெம்பும் கொறஞ்சா ஏழெட்டு மணி நேரம் வந்தாலே பெரிசு.

உங்களுக்கு நான் சொல்றது ரிம் லாக்கு. வீட்டு கேட்டுக்கு போடுவாங்களே, உள்பக்கம் பட்டன், வெளிப்பக்கம் சாவி ஓட்டை, ரீடர் சொன்னா டக்குனு தொறக்கும், அது. கரன்ட் இல்லன்னாலும் பூட்டினது பூட்டினபடியே கிடக்கும், உள்ள மாட்டுனவங்க பட்டன அமுக்கி வெளிய வந்துரலாம், அந்த அமுக்குக்கு கரன்ட்டே வேண்டாம். தொறக்குற அந்த ஒரு நொடி மட்டுந்தான் கரன்ட் இழுக்குங்கறதால அதே 7 ஏ.எச். பேட்டரியில ரீடர் மட்டும் ரெண்டு நாளைக்கு மேல ஓடும். ஆனா அந்த ஒரு நொடியில நல்லாவே இழுக்கும், மெல்லிசு ஒயரா இழுத்து விட்டாங்கன்னா மக்கர் பண்ணும். தொறக்குற நேரத்த ரீடர்ல ஒரு செகண்டுக்கு வச்சிருங்க, அஞ்சு செகண்டுன்னு விட்டா பூட்டுக்குள்ள இருக்குற காயில் (கம்பிச் சுருள்) சூடாகி ஒரு நாள் கருகிரும். உள்பக்க பட்டன சாவி போட்டு லாக் பண்ற மாதிரி மாடல் வந்தா வாங்காதீங்க, ஆள உள்ள வச்சுப் பூட்டுற வேலை நமக்கு வேணாம்.

அதுக்கும் வெளிய ஒரு சாவி இருக்குமே, மறுபடி சாவித் தொல்லையான்னா, அந்தச் சாவி உங்க வீட்டு பீரோவ விட்டு வெளியவே வரக்கூடாது, அவ்வளவுதான்.

மரக்கதவா இருந்தா பூட்டு வாங்குறதுக்கு முன்னாடி ஆசாரிய கூப்பிடுங்க. மழைக்கு ஊதி, பங்குனி வெயிலுக்கு சுருங்கி, கீல் எறங்கிப் போன கதவுல எவ்வளவு நல்ல பூட்டும் நாலு மாசத்துல வாய் சேராது. பிடிவாதமா மேக்னட் லாக்தான்னா ஒண்ணு பாத்துக்கோங்க, அந்த இரும்புத் தகடுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் வாஷர் குடுப்பாங்க, தகடு லேசா ஆடி காந்தத்தோட சரியா படியணும்னுதான் அது. நம்ம ஆளுங்க ஆடுதேன்னு நல்லா முறுக்கி டைட் பண்ணிருவாங்க, அதோட 270 கிலோவும் போச்சு, ஒரு தோள் இடிக்கே கழண்டுரும்.

சரி, இப்ப பொட்டி. கைரேகை வேண்டாம்ங்கறது என் கட்சி. ரேஷன் கடையில வயசானவங்க விரல தொடச்சு தொடச்சு வச்சும் விழாம நிக்குறத பாத்திருக்கீங்கல்ல, அதே கதைதான். டீத்தூள்ல நாளெல்லாம் பொழங்குற கை, தோட்டத்துல கொழுந்து பறிச்ச கை, தை மாசக் குளிருல வெடிச்ச கை, ரேகையே தேஞ்சு போயிருக்கும். அதுவும் இல்லாம கார்டு தொலஞ்சா வேற குடுக்கலாம், ரேகை எங்கயாவது கசிஞ்சா வேற விரலுக்கு எங்க போறது. மூஞ்சி மிஷின் வேலை செய்யும், ஆனா காலையில மங்கி கேப்பும் மப்ளருமா வர்றவங்க, உள்ள மாஸ்க் போட்டவங்க எல்லாம் ஒவ்வொரு வாட்டியும் அவுத்துக் காட்டணும், பட்ஜெட்டும் தாண்டலாம்.

கார்டும் நம்பர் பட்டனும் சேந்த ரீடர் போதும். கார்டுல ரெண்டு ரகம் இருக்கு. 125 கிலோஹெர்ட்ஸ் கார்ட சின்ன மிஷின் ஒண்ணு வச்சு நிமிஷத்துல காப்பி எடுத்துரலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற மைஃபேர்ங்கற கார்டு கொஞ்சம் தேவல, அதுலயும் பழைய கிளாசிக் ரகத்தோட ரகசியத்த 2008லயே உடைச்சிட்டாங்க. அதனால கார்டு மட்டும் காட்டுனா தொறக்காம, கார்டும் நாலு நம்பரும் சேந்தாத்தான் தொறக்கும்னு செட்டிங் வச்சிருங்க. பொட்டியோட வர்ற மாஸ்டர் நம்பர் மேனுவல்லயே அச்சடிச்சிருக்கும், மொத நாளே மாத்திருங்க.

இன்னொண்ணு, பொட்டி வெளிய இருக்கு, பூட்டுக்குப் போற ஒயரும் அதுக்குள்ளயே இருந்தா, பொட்டிய கழட்டி ரெண்டு ஒயர ஒட்ட வச்சா கதவு தொறந்துரும், கார்டும் வேண்டாம் விரலும் வேண்டாம். வெளிய ரீடர் மட்டும், உள்ள தனியா கண்ட்ரோலர்னு (பூட்டுக்கு கரன்ட்ட விடுற பொட்டி) வாங்குங்க, கொஞ்சம் காசு கூட ஆகும், இதுல மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீங்க. மழை படுற எடம்னா ரீடர் ஐ.பி. 65 (தூசி, தண்ணி தாங்குற தரம்) இருக்கணும், எர்த் ஒழுங்கா இருக்கணும், பூட்டு காயிலுக்கு குறுக்க ஒரு டையோடு (கரன்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடுற சின்ன பார்ட்) போடச் சொல்லுங்க, நாலணா சமாச்சாரம், அது இல்லன்னா பூட்டுக்கு கரன்ட்ட விடுற சுவிட்சான ரிலே சீக்கிரம் தீயும்.

அப்புறம் ஒரு 40 பக்க நோட்டு. விளையாட்டுக்கு சொல்லல. கம்ப்யூட்டர் இல்லாத பொட்டியில ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் போட்டுத்தான் ஏத்துவாங்க, ஆள் நின்னுட்டா அந்த நம்பர வச்சுத்தான் அழிக்கணும். யாருக்கு எந்த நம்பர்னு எழுதி வைக்கலன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டு 11 பேருக்கும் மொதல்ல இருந்து போட வேண்டியதுதான். பூட்டு, ரீடர், கண்ட்ரோலர், பேட்டரியோட பவர் சப்ளை, கார்டு, கூலி எல்லாம் சேத்து உங்க 15,000க்குள்ளயே முடியும். ஆனா கீழ இருந்து ஆள் வரணும்னா மலை ஏறி வர்ற பர்லியார் ரோட்டுல மண்ணு சரிஞ்ச அன்னிக்கு உங்க கதவுக்கு யாரு வருவா? குன்னூர்லயே ஒரு எலெக்ட்ரீஷியன கூட நிக்க வச்சு, எந்த ஒயர் எங்க போகுதுன்னு பாக்க சொல்லுங்க, அட்டெண்டன்ஸுக்கு பழைய கையெழுத்து ரிஜிஸ்டரே இருக்கட்டும்.

கேள்வி: ஊட்டியில வர்க்கி, சாக்லேட் கடை. ஷட்டருக்கே இந்த மாதிரி கார்டு பூட்டு போட முடியுமா?
— ஊட்டி வாசகர்

ஷட்டர விட்டுருங்க அண்ணே, அதுக்கு நல்ல பூட்டு ரெண்டு பக்கமும் போதும். உள்ள கண்ணாடிக் கதவு இருந்தா பகல்ல ஸ்டாக் ரூம் பக்கம் யாரும் போகாம இருக்க அதுல மேக்னட் லாக் போடலாம், ராத்திரிக்கு ஷட்டர் இருக்குறதால கரன்ட் போனாலும் பயம் இல்ல. கண்ணாடிக்கு தனி கிளாம்பு இருக்கு, ஓட்டை போட விடாதீங்க.

கேள்வி: கொடைக்கானல்ல மூணு ரூம் ஹோம்ஸ்டே. கெஸ்ட்டுங்க சாவிய எடுத்துட்டே மதுரை போய் சேந்துடுறாங்க. நம்பர் போடுற டிஜிட்டல் லாக் வாங்கலாமா?
— கொடைக்கானல் வாசகர்

தாராளமா. மூணு ரூமுக்கு ஒயர் இழுக்குறதே வீண், பேட்டரியில ஓடுற லாக்கே வாங்குங்க. பெரும்பாலும் நாலு பென்சில் பேட்டரி போடுற மாதிரி வரும், நல்ல ஆல்கலைன் போடுங்க, சார்ஜ் பண்ற பேட்டரி 1.2 வோல்ட்டுதான்ங்கறதால போட்ட கொஞ்ச நாள்லயே பேட்டரி லோன்னு கத்த ஆரம்பிச்சிரும். குளிருக்கு பேட்டரி சீக்கிரம் சோந்து போகும், அதனால கார்த்திகை பொறந்ததும் கத்துதோ இல்லையோ மாத்திருங்க. வைஃபை வேண்டாம், பேட்டரிய அதுதான் குடிக்கும். ஒவ்வொரு கெஸ்ட்டு போனதும் நம்பர மாத்துங்க, போன் நம்பரோட கடைசி நாலுன்னு வச்சா அவங்களுக்கும் மறக்காது.

பேட்டரி செத்துட்டா வெளிய இருந்து பவர் குடுக்க அடியில 9 வோல்ட் பேட்டரிய வைக்கிற ரெண்டு புள்ளியோ சி டைப் ஓட்டையோ இருக்கான்னு பாத்து வாங்குங்க. கூடவே அவசரத்துக்கு ரெண்டு சாவி தருவாங்க. ஒருத்தர் அத பத்திரமா அதே ரூம் அலமாரிக்குள்ள வச்சிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு கெஸ்ட்ட வெளிய குளிருல நிக்க வச்சிட்டு எனக்கு போன் பண்ணாரு.