வேகத்தடை கேட்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறோம். எங்கள் புளோக்குக்கும் ஈரச்சந்தைக்கும் நடுவில் நான்கு தடச் சாலை ஒன்று ஓடுகிறது. சிக்னல் 150 மீட்டர் தள்ளி இருக்கிறது. 74 வயது அம்மா அவ்வளவு தூரம் சுற்றிப் போக முடியாமல் நேராகவே கடந்துவிடுகிறார். கார்கள் பறக்கின்றன. மகன் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். பேருந்துகளும் இதே சாலையில்தான் ஓடுகின்றன. அக்கம்பக்கத்தார் எல்லாரும் சேர்ந்து ஹம்ப் (வேகத்தடை) போடச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். கேட்டால் கிடைக்குமா? யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: கையெழுத்து வாங்குவதை நிறுத்தாதீர்கள். ஆனால் மேலே எழுதியிருக்கும் கோரிக்கையை மாற்றுங்கள். பேருந்து ஓடும் சாலையில் ஹம்ப் கேட்டால் மறுப்பதற்கு நியாயமான காரணமே இருக்கிறது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரும் முதியவரை அது தூக்கிப் போடும். ஆம்புலன்ஸுக்கும் தொல்லை. போதாததற்கு, ஹம்பைத் தாண்டிய ஓட்டுநர்கள் இழந்த நேரத்தைப் பிடிக்க அடுத்த நூறு மீட்டரில் இன்னும் மிதிப்பார்கள். வாகன நிறுத்துமிடத்துக்கு உள்ளேயும் சிறிய உள்தெருக்களிலும் ஹம்ப் நன்றாக வேலை செய்யும். உங்கள் சாலை அந்த வகை இல்லை.

அங்கே ஏன் வேகமாகப் போகிறார்கள் என்று பாருங்கள். ஓட்டுநர்களைத் திட்டுவது சுலபம். எல்லா ஊர்க்காரரும் ஒரேமாதிரி ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் சாலையில் இருக்கிறது. நேரான சாலை, அகலமான தடங்கள், இருபுறமும் திறந்த பார்வை, முனைகளில் பெரிய வளைவு. இவை நான்கும் இருந்தால் 50 என்ற பலகையைக் கால் மதிக்காது. சாலை எந்த வேகத்துக்கு வசதியாக இருக்கிறதோ அந்த வேகத்தில்தான் வண்டி ஓடும். தடம் 3.5 மீட்டர் அகலம் என்றால் விரைவுச்சாலை உணர்வு வரும். 3 மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டு வந்தால் ஓட்டுநர் தானாக ஸ்டீயரிங்கைக் கவனிக்க ஆரம்பிப்பார். பேருந்து ஓடும் தடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம் வேண்டும், அதைப் பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பத்து கிலோமீட்டர் குறைப்பதால் என்ன பெரிதாக மாறப்போகிறது என்று குடியிருப்பாளர் கூட்டங்களில் கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்குச் சுமார் ஒரு விநாடி ஆகும். 50-ல் வரும் கார் அந்த ஒரு விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும்; அதன்பின் காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 28. நாற்பதில் 20 மீட்டர், முப்பதில் 13 மீட்டர். இப்போது உங்கள் அம்மா காருக்கு 15 மீட்டர் முன்னால் சாலையில் இறங்குகிறார் என்று வையுங்கள். 30-ல் வரும் கார் அவரைத் தொடாமல் நின்றுவிடும். 40-ல் வந்தால் பிரேக் பிடித்தும் 30 அளவு வேகத்தில் மோதும். 50-ல் வருகிறவர் பிரேக்கை மிதிக்கத் தொடங்கும்போதே அம்மாவிடம் வந்துவிட்டார். ஏறக்குறைய முழு வேகத்தில் மோதல். மழை பெய்தால் எல்லாமே இன்னும் மோசம், நம் ஊரில் மழைக்கா பஞ்சம்?

சரி, எதைக் கேட்பது? முதலில் சாலை நடுவில் நின்று மூச்சு விட ஓர் இடம். நான்கு தடமும் சேர்த்து 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வயதானவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் 17 விநாடிக்கு மேல் ஆகும். அத்தனை விநாடியும் இரண்டு திசையிலும் கார் வராமல் இருக்க வேண்டும். 50-ல் ஓடும் கார் அதற்குள் 240 மீட்டர் வந்துவிடும். அதாவது இடமும் வலமும் 240 மீட்டர் காலியாக இருந்தால்தான் அம்மா பத்திரமாகக் கடக்க முடியும். எழுபது வயதில் அவ்வளவு தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் எடைபோடுவது யாருக்கும் கடினம். நடுவில் ஒரு திட்டு வைத்துச் சாலையை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும், 9 விநாடி போதும். வேகத்தையும் 40 ஆக்கிவிட்டால், 100 மீட்டருக்குக் குறைவான இடைவெளியே அவருக்குப் போதுமானது. உபகரணம் எதுவும் இல்லை, கொஞ்சம் கான்கிரீட்டும் செடியும்தான்.

இதைத்தான் நிலப் போக்குவரத்து ஆணையம் 2014 முதல் சில்வர் ஸோன் என்ற பெயரில் செய்துவருகிறது. முதலாவது புக்கிட் மேரா வியூவில் வந்தது. நேரான சாலையை வேண்டுமென்றே லேசாக வளைப்பார்கள், தடத்தைக் குறுக்குவார்கள், நடுத்திட்டில் முதியவர் நின்று இரண்டு கட்டமாகக் கடக்கும்படி வழி விடுவார்கள், வேக வரம்பை 40 ஆகவும் முடிந்த இடங்களில் 30 ஆகவும் வைப்பார்கள். வளைவு வந்ததும் சில ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்புக் கேட்டால் வடிவமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். 2023-ல் அறிவிக்கப்பட்ட ஃபிரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ் திட்டம் இதையே முதியவர்களுக்கு மட்டுமல்லாமல் வட்டாரம் முழுமைக்கும் விரிக்கிறது. அங் மோ கியோ, புக்கிட் பாத்தோக் வெஸ்ட், தெம்பனிஸ், தோ பாயோ, வெஸ்ட் கோஸ்ட் ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கினார்கள். உங்கள் மனுவில் இந்த இரண்டு பெயரும் இருக்கட்டும். அதிகாரிக்கு உடனே விளங்கும்.

இரண்டாவது, கடக்கும் இடம். சிக்னலுக்குப் போய்த் திரும்ப 300 மீட்டர் என்றால், கையில் காய்கறிப் பையோடு யார் போவார்? சிங்கப்பூரில் கடப்பிடத்தின் இரு பக்கமும் 50 மீட்டருக்குள் அதைப் பயன்படுத்தாமல் சாலையைத் தாண்டுவது குற்றம். உங்கள் அம்மா அந்த எல்லைக்கு வெளியே கடக்கிறார், அதனால் சட்டம் அவரை விட்டுவிடும், கார் விடாது. இங்கே ஓர் எச்சரிக்கை. "ஆபத்தாகக் கடக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால், சாலை நடுவே வேலி போடுவதுதான் மலிவான தீர்வாகத் தெரியும். வேலி வந்துவிட்டால் சந்தை இன்னும் தூரமாகிவிடும், கார்களின் வேகமோ கூடும், ஏனென்றால் இனி யாரும் குறுக்கே வரமாட்டார்கள் என்ற தைரியம் வந்துவிடும். ஆகவே "மக்கள் நடக்கும் கோட்டிலேயே கடப்பிடம் வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். புல்வெளியில் தேய்ந்து கிடக்கும் ஒற்றையடிப் பாதை இருந்தால் அதைப் படம் எடுத்து இணையுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த இடத்தில் ஸீப்ரா கிராஸிங் வந்தால், நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய மேடைக் கடப்பாகக் கேளுங்கள். ஹம்ப் போலக் குறுகிய முட்டு இல்லை இது. சரிவை நீளமாக இழுத்து, மேலே தட்டையாக விட்டால் பேருந்து குலுங்காமல் ஏறி இறங்கும், ஆனால் வேகமாக ஏற முடியாது. சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் படி இல்லை.

பேருந்து நிறுத்தத்தையும் கொஞ்சம் கவனியுங்கள், இதை ஏறக்குறைய எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். இறங்கியவர்கள் நின்றிருக்கும் பேருந்தின் முன்னால் போய்க் கடந்தால், பேருந்தை முந்தி வரும் காருக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். கடப்பிடம் நிறுத்தத்துக்குப் பின்பக்கம், அதாவது பேருந்து வந்த திசையில் இருந்தால் மக்கள் வண்டியின் வாலைச் சுற்றி வருவார்கள், காரோட்டிக்கும் அவர்களைப் பார்க்க முடியும். உங்கள் சாலையில் எது எங்கே இருக்கிறது என்று கைப்படமாக வரைந்து அனுப்புங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

சிக்னல் வழியே போகும் நாட்களுக்கு: 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் வைத்திருக்கும் சலுகை அட்டையை, பொத்தானுக்கு மேலே இருக்கும் கருவியில் தட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக நிற்பான். இது கிரீன் மேன் பிளஸ், 2009-ல் வந்தது. சாலை அகலத்தைப் பொறுத்துக் கூடுதல் நேரம் மாறும். முன்பு போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 14 மீட்டர் கடக்க 12 விநாடி, அம்மாவுக்கு 17. அந்த ஐந்தாறு விநாடியை இந்த அட்டை கொடுத்துவிடும். உங்கள் சிக்னலில் அந்தக் கருவி இல்லையென்றால் அதையும் மனுவில் சேருங்கள். வலப்பக்கம் திரும்பும் கார்களுக்குத் தனிச் சிவப்பு அம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பு இல்லாத சந்திப்பில், எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி தேடும் ஓட்டுநர், நடந்து வருகிறவரைப் பார்ப்பதில்லை. 2018 முதல் இந்த அம்புகளைச் சந்திப்பு சந்திப்பாகப் பொருத்தி வருகிறார்கள்.

"தடத்தைக் குறைத்தால் ஜாம் ஆகும்" என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். நகர்ப்புறச் சாலையில் எத்தனை வண்டி போகலாம் என்பதைப் பெரும்பாலும் சந்திப்புகள்தான் தீர்மானிக்கின்றன, இரண்டு சந்திப்புக்கு நடுவில் உள்ள அகலம் அல்ல. வேகமாகப் போய் அடுத்த சிவப்பு விளக்கில் காத்துக் கிடப்பதில் யாருக்கு லாபம்? தேக்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பென்கூலன் ஸ்திரீட்டையே போய்ப் பாருங்கள். எம்ஆர்டி கட்டுமானத்துக்காகத் தோண்டிய சாலையைத் திரும்பப் போடும்போது, நான்கு தடங்களை இரண்டாக்கி, அதில் ஒன்றை நாள் முழுவதும் பேருந்துக்கே விட்டு, மிச்ச இடத்தை அகலமான நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கொடுத்தார்கள். 2017-ல் திறந்தார்கள். உங்கள் சாலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் இந்த ஊரிலேயே செய்திருக்கிறார்கள் என்று காட்ட அது போதும்.

மகனின் சைக்கிள் விஷயம். நான்கு தடச் சாலையில் இப்போது அவனை இறக்காதீர்கள். நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம், மணிக்கு 10 கிலோமீட்டருக்குள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை. பக்கத்திலேயே சிவப்பு நிறச் சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில், நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய பாதையில் ஓட்டக்கூடாது. 2025 ஜூலை 1 முதல் அதற்குத் தண்டனை உண்டு. கடப்பிடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள், திரும்பும் கார் எதிர்பார்ப்பது நடக்கும் வேகத்தைத்தான். நடைபாதை குறுகலாக இருந்து பாட்டியும் பேரனும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளும் நிலை என்றால், சைக்கிள் பாதையைப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி விடும்படி கேளுங்கள். நிறுத்தத்துக்கு முன்னால் ஓடினால் பேருந்திலிருந்து இறங்குகிறவர் நேரே சக்கரத்தில் போய் விழுவார். தடத்தைக் குறுக்குவதால் மிச்சமாகும் இடம் இதற்கு உதவும்.

யாரிடம் கொடுப்பது? சாலையும் சிக்னலும் சைக்கிள் பாதையும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. புளோக்கின் கீழ்த்தளமும் குடியிருப்புக்குள் இருக்கும் கூரைபோட்ட நடைபாதையும் நகர மன்றத்தினுடையவை. வாகன நிறுத்துமிட வாசல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக). சாலையோர மரமும் செடியும் தேசியப் பூங்காக் கழகம். வேகமாக ஓட்டுவோரைப் பிடிப்பது போக்குவரத்துப் போலிஸ். இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டால் உரிய அமைப்புக்கு அதுவே போகும். அப்புறம் அந்தப் பதிவெண்ணை எடுத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். செயலி மட்டும், அல்லது சந்திப்பு மட்டும் என்றால் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் யாராவது இடத்துக்கு வந்து பார்ப்பார்கள்.

சில்வர் ஸோனுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதியவர்கள் சிக்கிய விபத்துகள், அங்கே வாழும் முதியவர்களின் விகிதம், சந்தை மருந்தகம் போன்ற வசதிகள் பக்கத்தில் உண்டா என்பதைப் பார்க்கிறார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எந்தக் கணக்கிலும் வராது, யாருக்கும் அடிபடவில்லையே. அதை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு அண்டை வீட்டார் மாறி மாறிக் காலையில் அரை மணி நேரம் நின்று எத்தனை பேர் கடக்கிறார்கள், அதில் எத்தனை முதியவர், எத்தனை முறை கார் சடன் பிரேக் போட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். சனி ஞாயிறையும் விடாதீர்கள், சந்தைக் கூட்டம் அன்றுதான். மழை நாளைத் தனியாகக் குறியுங்கள். மனு இப்படி இருக்கட்டும்: "புளோக்குக்கும் சந்தைக்கும் இடையே காலை 7 முதல் 9 மணி வரை முதியவர்கள் இந்த இடத்தில் கடக்கிறார்கள். சிக்னல் 150 மீட்டர் தள்ளி உள்ளது. சாலை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் வண்டிகள் வேகமாக வருகின்றன. நடுத்திட்டும் மேடைக் கடப்பும் 40 வேக வரம்பும் ஆராய வேண்டும். வேலி வேண்டாம்." கூடவே இரண்டு வாரக் குறிப்பு, கைப்படம், ஒற்றையடிப் பாதையின் புகைப்படம். கையெழுத்துத் தாள் கடைசியில் இருந்தால் போதும்.