வெள்ள நிவாரணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திருநெல்வேலியில் பதினைந்து பேர் சேர்ந்து நடத்துகிற சின்ன அறக்கட்டளை எங்களுடையது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் லோடு கொண்டு போனோம். 2023 டிசம்பரில் தாமிரபரணி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதால், கையேந்தி வாங்குகிற பக்கமும் ஒரு வாரம் நின்று பார்த்தாயிற்று. ஐப்பசி மழைக்கு முன்னால் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி, நல்ல நிலையில் பழைய துணி நிறைய இருக்கிறது. எங்கே கொடுக்கலாம்?

வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்து, மழையில் நனைந்து, குப்பையோடு குப்பையாகப் போனது. நல்ல மனசோடு அனுப்பியதுதான், ஆனால் நேற்றுவரை கடலுக்குப் போய்ச் சம்பாதித்து உடுத்தினவர் அடுத்தவர் கழித்துப் போட்டதை ஏன் எடுப்பார்? அதைப் பிரித்துப் பார்க்கிற வேலை வேறு. கஜாவுக்கு எங்களுக்கு வந்த ஒரு மூட்டையில் பொத்தான் இல்லாத சட்டைகளுக்கு நடுவே ஒரு கோட்டும் இருந்தது, நாலு பேருக்கு அரை நாள் போயிற்று. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் புதிதாக நைட்டி, லுங்கி, துண்டு, எல்லா அளவிலும் உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். உள்ளாடையும் நாப்கினும் யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்? போன தடவை நாங்கள் கொண்டுபோன இடத்தில் ஏற்கெனவே ரொட்டி மலையாகக் கிடந்தது.

இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. மெயின் ரோட்டில் இருக்கிற ஊருக்கு எட்டு வண்டி வரும், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊருக்கு ஒன்றுகூடப் போகாது. 2023-இல் மார்கழி பிறந்த அன்று கொட்ட ஆரம்பித்த மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் துண்டிக்கப்பட்டு ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். அப்போது வாட்ஸ்அப்பில் எந்த ஊர் பெயர் அதிகம் சுற்றியதோ அந்த ஊருக்கே எல்லா வண்டியும் போயின. போன் டவர் விழுந்த ஊர் எப்படி மெசேஜ் போடும்? சத்தமே வராத ஊரைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். பால் வண்டிக்காரர், மின்வாரிய லைன்மேன், கிராம செவிலியர், தலையாரி, இவர்களில் ஒருவரையாவது பிடித்து விசாரித்துவிட்டுத்தான் வண்டி எடுப்போம்.

ஊருக்குள் போனபிறகும் வேலை முடியாது. ஊர்த்தலைவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தால் காலனிக்கு ஒரு பொட்டலம்கூடப் போகாத ஊர்கள் உண்டு, பூசி மெழுகாமலே சொல்கிறேன். அதனால் கடைக்கோடித் தெருவிலிருந்து கொடுத்துக்கொண்டு முன்னால் வருவோம். இதற்காக ஓர் ஊரில் எங்களிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள், லோடை அரை மணி நேரம் இறக்கவிடவில்லை. அப்புறம் அந்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் வந்து நாலு வார்த்தை போட்டபிறகுதான் வழிவிட்டார்கள்.

சாப்பாட்டுப் பொட்டலம் என்ன போடலாம்?

புளியோதரை, எலுமிச்சை சாதம். சாம்பார் சாதமும் தேங்காய்ச் சட்னியும் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும். மூன்றாம் நாளிலிருந்து பொட்டலத்தை நிறுத்திவிட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், கூடவே ஒரு பெரிய அண்டாவும் கொடுத்துவிடுங்கள், அவர்களே சமைத்துக்கொள்வார்கள். 2023 வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தண்ணீருக்குள் இருந்த பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள்தான் அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். வெளியிலிருந்து ஆள் வருவதற்கு முந்தைய நடப்பு அது.

பணம் அனுப்பினால் கணக்குக் காட்டுவீர்களா? வரிக் கழிவு உண்டா? என் அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான், அவனும் தருகிறேன் என்கிறான்.

பில்லோடு மாதாமாதம் காட்டுகிறோம், டீச் செலவு உட்பட. 80ஜி என்று எல்லோரும் சொல்கிற கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. உங்கள் அண்ணன் பணத்தை நாங்கள் வாங்கக்கூடாது. அவர் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனிப் பதிவு வேண்டும், எங்களிடம் இல்லை. துபாயில் வேலை பார்த்தாலும் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், அவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது இந்தக் கணக்கில் வராது.

வாங்குகிறவர்களோடு போட்டோ எடுப்பது சரியா?

சாமானை எடுங்கள், லாரியை எடுங்கள். முகம் வேண்டாம். என் மகள் வரிசையில் நின்று பிஸ்கட் வாங்கியபோது ஒருவர் “இங்க பாரு பாப்பா” என்றார், அன்றோடு எனக்கு அந்த ஆசை விட்டுப்போயிற்று.

கல்லூரியில் படிக்கிறேன். சேர ஆசை, வீட்டில் தண்ணீருக்குள் இறங்க விடமாட்டார்கள்.

அப்பாவிடம் சொல்லும்மா, தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் எங்களிலேயே நாலு பேர்தான், அவர்களும் நீச்சல் தெரிந்து, கயிறு கட்டிப் பழகினவர்கள். எங்களுக்கு ஆள் இல்லாதது போனுக்கும் நோட்டுக்கும்தான். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பெரியவர் இருக்கிறார், யாருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், யாருக்கு இந்த மாதம் பிரசவம், இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க யார் வீட்டில் வழியில்லை, இதையெல்லாம் மழை இல்லாத மாதங்களிலேயே வீடு வீடாகக் கேட்டு எழுதிவைக்கவேண்டும். மழை இல்லாதபோது என்னதான் செய்வீர்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார், அவருக்கும் இதே பதில்தான். பெண் பிள்ளை போனால்தான் வீட்டுப் பெண்கள் முழுசாகச் சொல்வார்கள். எங்களிடம் “ஒண்ணும் இல்ல தம்பி” என்று கதவைச் சாத்திவிடுவார்கள்.

தண்ணீர் வடிந்தபிறகு எதற்கு உதவி தேவைப்படும்?

வடிந்த மறுநாள் பாதி வண்டிகள் திரும்பிவிடும், சேறு முழங்கால் அளவுக்கு அப்படியே இருக்கும். மண்வெட்டி, கூடை, பிளீச்சிங் பவுடர், பினாயில் கொண்டுவாருங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இன்னொரு வேலை, நனைந்த காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் கூழாகிப் போயிருக்கும். நகல் வாங்க மனு எழுதிக்கொடுக்க ஓர் ஆள் திண்ணையில் உட்கார்ந்தால் காலையிலிருந்து சாயங்காலம்வரை வரிசை நிற்கும்.

நீங்கள் தப்பு செய்ததே இல்லையா?

ஏன் இல்லை? கஜாவுக்கு முதல் லோடில் மெழுகுவர்த்தி கொண்டுபோனோம், தீப்பெட்டி கொண்டுபோகவில்லை. கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்த ஊர். ஒரு பாட்டி மெழுகுவர்த்தியைக் கையில் வாங்கி, என்னை ஏற இறங்கப் பார்த்து, “இத வச்சு என்னப்பா பண்ணட்டும்” என்றார். இப்போது எங்கள் சாமான் லிஸ்டில் முதல் வரியே தீப்பெட்டிதான்.

சேர என்ன செய்யவேண்டும்?

புரட்டாசி கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கயிறு கட்டும் பயிற்சி இருக்கிறது, வந்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். பூட்ஸ் வேண்டாம், தண்ணீர் புகுந்தால் காலே தூக்க முடியாது. வார் வைத்த பழைய செருப்பு போதும்.