வாசகர் கேள்வி: வியட்நாமை உயர்த்திய கொரியர்

கேள்வி: ஆட்டக்காரராகப் பெரிய பெயர் எடுக்காத ஒருவர், மொழி தெரியாத நாட்டின் கால்பந்து அணியை முன்னேற்றிவிட முடியுமா? 2017 முதல் 2023 வரை வியட்நாமின் பயிற்சியாளராக இருந்த கொரியரைப் பற்றிச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: முடியும், அதற்குப் பார்க் ஹாங்-சோவைவிட நல்ல சான்று ஆசியாவில் இல்லை என்பது என் கருத்து. 1985இல் கொரிய லீக் பட்டம் வென்ற லக்கி-கோல்ட்ஸ்டார் அணியில் ஆடியவர் அவர். 2002 உலகக் கோப்பையில் தென்கொரியா அரையிறுதி வரை சென்றபோது, நெதர்லாந்துக்காரரான கூஸ் ஹிட்டிங்கிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அதே ஆண்டு புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பார்க் பயிற்றுவித்த தென்கொரிய அணிக்கு வெண்கலம்தான் கிடைத்தது, பதவி பறிபோயிற்று. பின்னர் உள்நாட்டு அணிகள் பலவற்றுக்குப் பயிற்சியளித்து, 2017இல் மூன்றாம் நிலை லீகில் ஆடிய சாங்வொன் நகர அணியில் இருந்தபோதுதான் வியட்நாமிலிருந்து அழைப்பு வந்தது.

வியட்நாம் இளைஞர்களுக்கு ஓடும் தெம்பு போதாது என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. குறை மேலுடல் வலுவில்தான் இருக்கிறது என்று கண்டு, பயிற்சியையும் உணவையும் அதற்கேற்ப மாற்றியதோடு, மூன்று மையத் தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, பந்து கிடைத்ததும் விரைந்து பாயும் ஆட்டமுறையை வகுத்தார். 2018 ஜனவரியில், சீனாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில், காலிறுதியில் ஈராக்கையும் அரையிறுதியில் கத்தாரையும் கூடுதல் நேரத்தையும் கடந்து பெனால்டி உதைகளில் வென்ற அந்த அணி, கொட்டும் பனியில் நடந்த இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் 119ஆம் நிமிடத்தில்தான் இரண்டாவது கோலை வாங்கித் தோற்றது. அந்த ஆட்டத்தில் குவாங் ஹை ஃப்ரீ கிக்கில் அடித்த சமன் கோலை வியட்நாமியர் இன்றும் கொண்டாடுகிறார்கள். தெம்பில்லாதவர்களால் தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் 120 நிமிடம் ஓட முடியுமா?

அதே ஆண்டு இறுதியில், மலேசியாவை வென்று, பத்தாண்டுகளுக்குப் பின் தென்கிழக்கு ஆசியக் கோப்பையை வியட்நாம் கைப்பற்றியது. 2019 செப்டம்பரில் ஹிட்டிங்க் பயிற்றுவித்த சீன இளைஞர் அணியை, பார்க்கின் இளைஞர்கள் 2-0 என வீழ்த்தினார்கள்.

கேள்வி: மொழி தெரியாமல் எப்படி ஆட்டக்காரர்களின் அன்பைப் பெற்றார்?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: அறிவுரைகளை மொழிபெயர்ப்பாளர் சொன்னார், அக்கறையை அவரே செயலில் காட்டினார். ஓர் ஆட்டக்காரரின் பாதத்தை அவர் தம் கைகளால் பிடித்துவிடும் காணொளி 2018இல் நாடெங்கும் பரவியது. காயமடைந்த தின் சோங்குக்கு விமானத்தில் தமது பிசினஸ் வகுப்பு இருக்கையைக் கொடுத்துவிட்டுச் சாதாரண வகுப்பில் உட்கார்ந்தார். 2019 தென்கிழக்கு ஆசிய விளையாட்டு இறுதியில், அணி 3-0 என முன்னிலையில் இருந்தபோதும், தம் பையன்களுக்காக நடுவருடன் வாதாடிச் சிவப்பு அட்டை வாங்கினார். அவரை அவர்கள் ஆசிரியர் என்றே அழைத்தார்கள்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்கு முதன்முறையாகச் சென்ற வியட்நாம் பத்தில் எட்டு ஆட்டங்களில் தோற்றது உண்மைதான். ஆனால் 2022 பிப்ரவரியில் ஹனோயில் சீனாவை 3-1 என வென்றதையும், அடுத்த மாதம் ஜப்பான் மண்ணில் 1-1 எனச் சமன் செய்ததையும் அதோடு சேர்த்தே எடை போட வேண்டும். 2023 ஜனவரியில் தென்கிழக்கு ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் தாய்லாந்திடம் தோற்றதுடன் அவருடைய பணி முடிந்தது.