கணப்பும் குளிர் அறைகளும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் 1950, 60-களில் வளர்ந்தவர்களின் பிள்ளைப்பருவ நினைவுகளைக் கொஞ்ச நாளாக வாசித்துவருகிறேன். லண்டன்காரர்கள் அல்ல, பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், லெஸ்டர் போன்ற ஊர்களின் புறநகர்வாசிகள். ஊர் மாறினாலும் காட்சிகள் மாறுவதில்லை. காலையில் படுக்கையறை சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி. கணப்பின் வாயை செய்தித்தாளால் மூடிப் பிடித்தபடி நிற்கும் அம்மா. இருப்பதிலேயே நல்ல அறையைச் சும்மா போட்டுவிட்டு, பின்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் குடும்பம். பால் பாட்டில் மூடிமேல் ஒரு கல். இவர்கள் ஏழைகளும் அல்ல. சொந்த வீடு, தோட்டம் எல்லாம் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? அந்தச் செய்தித்தாள் எதற்கு?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்னவற்றில் முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அந்த வீடுகளில் ஒரே ஓர் இடத்தில்தான் நெருப்பு எரிந்தது.

முதலில் வீடு. இரண்டு உலகப்போர்களுக்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 40 லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. ஊரோரங்களில் எழுந்தவற்றில் 'செமி' மிகப் பிரபலம். நடுவில் ஒரு பொதுச்சுவர், அதன் இருபுறமும் ஒட்டிக்கொண்ட இரண்டு வீடுகள். ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்பது 1918-ல் வந்த டியூடர் வால்டர்ஸ் அறிக்கையின் பரிந்துரை. அது அரசு கட்டித்தரும் வீடுகளுக்காகச் சொன்னது. தனியார் கட்டியவையும் பெரும்பாலும் இதேபோல் இடம்விட்டு எழுந்தன. பர்மிங்ஹாமின் ஹால் கிரீன் பகுதியில் நடந்தால் இன்றும் தெருத்தெருவாக இதைப் பார்க்கலாம். கீழே முன்னறை, பின்னறை, ஒடுக்கமான சமையலறை. மேலே இரண்டு பெரிய படுக்கையறைகள், குளியலறை, பிறகு வாசல் நடைக்கு நேர் மேலே 'பாக்ஸ் ரூம்' என்ற சின்ன அறை. கட்டிலும் ஓர் அலமாரியும் போட்டால் அது நிறைந்துவிடும். நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்களில் பலர் அந்தச் சின்ன அறையில் தூங்கிய பிள்ளைகள்தான்.

பெரிய படுக்கையறைகளில் சிறிய கணப்பு இருக்கும். யாருக்காவது காய்ச்சல் கண்டால்தான் அதை மூட்டுவார்கள். பாக்ஸ் ரூமில் அதுவும் கிடையாது. சன்னலில் ஒற்றைக் கண்ணாடி, கூரைக்கடியில் வெப்பம் காக்கும் விரிப்பு எதுவும் இல்லை, தரைப்பலகைக்குக் கீழே மரம் உளுத்துப்போகாதிருக்க வேண்டுமென்றே விட்ட காற்றோட்டம். இரவு முழுக்கத் தூங்குகிறவரின் மூச்சில் வரும் ஈரம் கண்ணாடியில் நீராகப் படிந்து, விடிவதற்குள் இலை இலையாக உறையும். அந்தப் பனிப்பூ வெளியிலிருந்து வந்ததல்ல. பிள்ளை விட்ட மூச்சுதான்.

இனி நெருப்பு. பின்னறைக் கணப்பை மூட்டுவது அன்றாடம் விடியுமுன் நடக்கும் வேலை. நேற்றைய சாம்பலைக் கம்பித்தட்டு வழியாகக் கிளறி இறக்க வேண்டும். பாதி எரிந்த கங்குத் துண்டுகளைச் சலித்து எடுத்துவைக்க வேண்டும். அவை மறுபடி எரியும். பிறகு கசக்கிய செய்தித்தாள் உருண்டைகள், அதன்மேல் உலர்ந்த சிராய்கள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கும் மேல் முட்டை அளவு நிலக்கரி, இடையிடையே சலித்த கங்கு. காகிதத்தை இறுக்கிக் கசக்கினாலோ கரியை நெருக்கி அடுக்கினாலோ அடியிலிருந்து காற்று ஏறாது. புகை மட்டும் அறைக்குள் வரும்.

குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கி முதலில் புகையை இழுக்காது. செய்தித்தாள் வருவது இங்கேதான். நம் அம்மாக்கள் ஊதாங்குழலால் காற்றைத் தள்ளினார்கள். அங்கே உறிஞ்ச வைத்தார்கள். நிலக்கரி அள்ளும் ஷவலைக் கணப்பின் முன்னால் நிமிர்த்திவைத்து, அதன்மேல் அகலமான முழுத்தாளை விரித்துப் பிடித்தால் கணப்பின் வாய் அடைபடும். காற்று நுழைய மிஞ்சுவது கம்பித்தட்டின் அடிப்பகுதி மட்டும். அத்தனை காற்றும் கரியினூடே ஏறுவதால் ஒரு நிமிடத்தில் தாளுக்குப் பின்னால் உறுமல் கேட்கும், தாள் உள்பக்கமாக வயிறு ஒட்டும். நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் தாள் பற்றிக்கொண்டு புகைபோக்கிக்குள் பறக்கும். அங்கே படிந்திருக்கும் கரிப்புகை பற்றினால் தீயணைப்பு வண்டிதான். அது வரும்வரை கைப்பிடி உப்பை அள்ளிப் போடுவதும், நனைத்த சாக்கால் கணப்பின் வாயை அடைப்பதும் அன்றைய வீட்டு வைத்தியம். இதற்கு அஞ்சித்தான் வருடத்துக்கு ஒருமுறையாவது புகைபோக்கி துடைப்பவரை வரவழைத்தார்கள். அவருடைய தூரிகை கூரைமேல் தலைநீட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடுவது எல்லா நினைவுக்குறிப்புகளிலும் வரும். அந்தச் சாம்பலைத் தினமும் மண்டியிட்டு வாரியவரைப் பற்றி அவற்றில் அரை வரி இருந்தால் அதிசயம்.

இவ்வளவு பாடுபட்டு மூட்டினாலும் திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். போவதோடு அறையின் காற்றையும் இழுத்துப்போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழையும். முகம் வேகும், முதுகு விறைக்கும் என்று அவர்கள் எழுதுவது மிகையல்ல. விறைத்த காலை நேராக நெருப்பில் காட்டுகிற பிள்ளைகளுக்கு விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கும். 'சில்பிளேன்' என்று வரும் சொல் அதைத்தான் குறிக்கிறது.

முன்னறை சும்மா கிடந்ததும் இதனால்தான். விருந்தாளிக்காகப் பொத்திவைத்தார்கள் என்பது பாதி உண்மை. நிலக்கரி ஹண்ட்ரட்வெயிட் மூட்டைகளாக, அதாவது மூட்டைக்கு 112 பவுண்டு, ஏறக்குறைய 51 கிலோ எடையில் வந்தது. கரிக்காரர் முதுகில் சுமந்துவந்து கொல்லைப்புறத் தொட்டியில் கொட்டுவார், வீட்டுக்காரர் மூட்டைகளை எண்ணுவார். நிலக்கரிக்கு ரேஷன் 1958 ஜூலை வரை நீடித்தது. இன்னொரு கணப்பு என்றால் கரியும் இரட்டிப்பு, சாம்பலும் இரட்டிப்பு. ஆகவே முன்னறையில் நெருப்பு கிறிஸ்துமஸுக்கு. அன்றும் புதிதாக மூட்டப் பொறுமையில்லாதவர்கள் பின்னறையின் எரியும் கரியை ஷவலில் அள்ளி, விரிப்பு போட்ட நடைவழியே கொண்டுபோனார்கள். அபாயமான பழக்கம்தான், ஆனால் பரவலாக இருந்தது.

பின்னறையையே தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் பல வீடுகளில் உண்டு. அந்தக் கணப்பின் முதுகில் ஒரு சின்ன கொதிகலன் பொருத்தியிருப்பார்கள். குளியலுக்கு வெந்நீர் அதிலிருந்துதான். நெருப்பில்லாத நாளில் வெந்நீரும் இல்லை. குழாய் உறைந்திருப்பது தெரியாமல் கணப்பை மூட்டினால் கொதிகலனுக்குள் அழுத்தம் போக வழியின்றி வெடிக்கவும் கூடும். 1962 டிசம்பர் 26 வாக்கில் தொடங்கிய பனி மறுவருடம் மார்ச் தொடக்கம் வரை இளகவில்லை. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 2.1 டிகிரி செல்சியஸ். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து ஈயக்குழாயைப் பிளக்கும். பிளந்தது உடனே தெரியாது, பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். வெயில் வந்து இளகிய பிறகுதான் மாடியிலிருந்து கூடத்துக்குத் தண்ணீர் கொட்டும். அந்தக் குளிர்காலத்தை எழுதுகிறவர்கள் பனியைவிட இளகிய வாரத்தை ஏன் அதிகம் சபிக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

மாடிக்குச் சிலர் பாரஃபின் ஹீட்டர் வாங்கினார்கள். நம் மண்ணெண்ணெய்தான். ஒரு லிட்டர் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள் சேரும். சுவர் வியர்த்து மூலையில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். குளிருக்கு அது தேவலை என்று நான் சொல்லமாட்டேன்.

மாற்றம் இரண்டு படிகளில் வந்தது. 1952 டிசம்பரின் லண்டன் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நகராட்சிகள் பகுதி பகுதியாகப் புகைக்கும் கரியைத் தடுத்தன. அதற்குப் பதிலாக வந்த கோக், அதாவது நிலக்கரியைச் சுட்டு எடுத்த புகையில்லாக் கரி, சிராய்க்கெல்லாம் மசியாது. துளையிட்ட எரிவாயுக் கம்பியை அடியில் செருகித்தான் பற்றவைக்க வேண்டும். அடுத்து 1967-லிருந்து 1977 வரை வீடுவீடாகப் போய் அடுப்புகளின் பர்னரை மாற்றி வடகடல் எரிவாயுவைக் கொடுத்தார்கள். எரிவாயுக் கொதிகலனின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மாடியறைகளுக்கும் ஏறின. குடும்பம் ஓரறையில் கூடியிருந்த காலத்தைத் தொலைக்காட்சி கெடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. தொலைக்காட்சியும் அந்தச் சூடான அறையில்தான் முதலில் வைக்கப்பட்டது. பிள்ளைகளை அவரவர் அறைக்கு அனுப்பியது ரேடியேட்டர்தான்.

பால் பாட்டில் கல் வேறு கதை. விடியற்காலையில் வாசற்படியில் வைத்துப்போகும் கண்ணாடி பாட்டிலுக்கு மெல்லிய அலுமினியத் தாள் மூடி. மேலே திரண்டு நிற்பது பாலாடை. நீலச்சிட்டு என்ற சின்னக் குருவி மூடியைக் கொத்திக் கிழித்து அதைக் குடித்துவிடும். இந்தத் திருட்டு முதலில் பதிவானது 1921-ல், சௌதாம்ப்டனுக்குப் பக்கத்து ஸ்வேத்லிங்கில். பால்காரர் மூடிவைக்க வசதியாகக் கல்லையோ பழைய கோப்பையையோ இரவே வாசலில் வைத்துவிடுவார்கள்.