நடை சாத்தும் முன், ரயில் கிளம்பும் முன்: பயணக் கேள்வி–பதில்

சனி, ஞாயிறு இரண்டே நாளில் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் பார்த்துவிட முடியுமா? முட்டிவலி உள்ள மாமியாரும் உடன் வருகிறார்.
– வாசகி, அம்பத்தூர்

தாராளமாக முடியும். மதியம் நடை சாத்தும் நேரத்தை மட்டும் மறக்கக்கூடாது. பெரிய கோயிலில் பன்னிரண்டரைக்குச் சந்நிதி சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். சென்னையிலிருந்து காலையில் காரில் கிளம்புகிறவர்கள் சொல்லிவைத்தாற்போல் இந்த இடைவெளியில்தான் போய் இறங்குகிறார்கள்.

வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். விடியலில் தஞ்சாவூர். குளித்துவிட்டு ஏழு மணிக்குள் கோயிலுக்குள் இருக்கவேண்டும். 1010-ல் ராஜராஜன் எடுப்பித்து முடித்த விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் ஐந்து நிமிடமாவது குனிந்து அடிப்பீடத்தைப் பாருங்கள். சுற்றிலும் கல்வெட்டு. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்ன அரசாணை அங்கேதான் இருக்கிறது. காலைச் சாய்வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுவதால் ஒன்றிரண்டு சொல்லாவது பிடிபடும். உச்சிவெயிலில் எல்லாம் வெறும் கல்லாகத்தான் தெரியும். (விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், தரையைக் காட்டுங்கள். நன்றாகவே விழுகிறது.)

பத்து மணிக்கு மேல் கல்தளம் சுடும். ஆளுக்கொரு ஜோடி பழைய சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கருவறைக்கு ஏறப் படிகள் உண்டு. மாமியாரால் முடியாவிட்டால் திருச்சுற்று மாளிகை நிழலில் உட்காரலாம், அங்கிருந்தே முழு விமானமும் தெரியும். அடுத்து அரண்மனையில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள். மாலையில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி கும்பகோணம் போய்த் தங்குங்கள்.

ஞாயிறு காலை முதலில் கங்கைகொண்ட சோழபுரம், சுமார் 35 கிலோமீட்டர். மதியம் அறையில் ஓய்வு. நாலு மணிக்குத் தாராசுரம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் ஒரு எச்சரிக்கை: முற்றம் தாழ்வானது, பெருமழை பெய்தால் தண்ணீர் தேங்கும். இரவு கும்பகோணத்திலேயே உழவனைப் பிடித்துவிடலாம்.

ஊட்டி மலை ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறதே, ஏன்?
– வாசகர், பெரம்பூர்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குன்னூர் வரை இடப்பக்கம், அதற்கு மேல் வலப்பக்கம். இறங்கும்போது இது அப்படியே மாறும்.

டிக்கெட் கிடைக்காததற்குக் காரணம் எளிது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குத் தினமும் வழக்கமாக ஓடுவது ஒரே வண்டி, காலை 7.10-க்கு. பெட்டிகளோ மூன்று, நான்கு. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். சனி, ஞாயிறும் மே மாதமும் திறந்தவுடனே போய்விடும். செவ்வாய், புதன் பாருங்கள். இணையத்தில் எடுத்த காத்திருப்போர் பட்டியல் டிக்கெட், அட்டவணை தயாராகும்போது உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். திரும்பும்போது முயல்வதும் நல்ல யோசனை. ஊட்டியில் மதியம் 2 மணிக்குப் புறப்படும் வண்டி மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம் வரும். அன்றிரவே சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

"குன்னூரிலிருந்து ஊட்டி வரை ஏறினால் போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். அழகான பாதைதான், டிக்கெட்டும் சுலபம். ஆனால் இந்த ரயிலின் உயிர் கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி உயரும் செங்குத்து. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள பல் சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டியில் இடம் கிடைத்தால் புகையில்லாமல் பாதையை நேராகப் பார்க்கலாம். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் மாட்டுவார்கள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் நீங்கள் டீ குடிக்கலாம். பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு குரங்குக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

பெரிய சூட்கேஸ் வேண்டாம், பெட்டிக்குள் வைக்க இடம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் வண்டி ரத்தாவது சகஜம். முதல்நாள் இரவு மழை கொட்டியிருந்தால் பேருந்தில் போகத் தயாராக இருங்கள். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் வேண்டாம்.

கொடைக்கானலில் குறிஞ்சி எப்போது பூக்கும்?
– வாசகி, மடிப்பாக்கம்

2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி 2030. அதற்குள் யாராவது "குறிஞ்சி டூர்" என்று பணம் கேட்டால் என்ன பூ என்று விசாரியுங்கள்.

கொல்லிமலையில் இறங்கும்போது காரில் கருகல் நாற்றம் வந்தது. பிரேக் மிதி உள்ளே போய்ப் போய் வந்தது. வண்டியில் கோளாறா?
– வாசகர், வேளச்சேரி

பெரும்பாலும் ஓட்டிய விதத்தில்தான் கோளாறு. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வழிநெடுக பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பேடு சூடேறிப் பிடி தளரும். நாற்றம் அதுதான். சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், அதாவது இரண்டு, வளைவில் ஒன்று. வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு காலை எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும்.

நாற்றம் வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வண்டியைக் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை முறை. பேருந்துக்கு வளைவு முழுவதும் தேவை. எதிரே ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

இன்னொன்று: ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படிகள். போகும்போது இறக்கம், திரும்பும்போது முழு ஏற்றம். அதை முடித்த களைப்போடு இருட்டில் மலை இறங்காதீர்கள்.

செஞ்சிக் கோட்டையை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

வரலாம். காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்து ஏறுங்கள். செஞ்சி வழியாகப் போகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு அங்கே இருக்கலாம். முதலில் ராஜகிரி. கோட்டையின் மூன்று மலைகளில் மிக உயரம், ஏறவே ஒன்றரை மணி நேரம். பிற்பகலில் மேலே விடமாட்டார்கள். கல்யாண மஹாலையும் நெற்களஞ்சியத்தையும் இறங்கியபின் பார்க்கலாம். பலர் கீழேயே படம் எடுத்துக்கொண்டு நின்று மலையைக் கோட்டை விடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஜிப் போட்ட பை. பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் குரங்கு வந்துவிடும். உச்சிக்குச் சற்று முன் ஒரு பெரும் பிளவு, அதன்மேல் பாலம். அதைத் தூக்கிவிட்டால் கோட்டைக்குள் யாரும் நுழைய முடியாது. முகலாயப் படை இந்த ஊரைப் பிடிக்க 1690 முதல் 1698 வரை மல்லுக்கட்டியது ஏன் என்று அங்கே நின்றால் புரியும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டிலுள்ளது இது ஒன்றுதான்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து போனவை.